காற்றுக்குத் திறந்து வைத்த விறகு

1

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இந்த வயதிலும் தடுமாற்றம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் யாராவது புண்ணியவான் திருத்திவிடுங்கள்.

நம் பங்குக் கோயிலின் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி சகாயம் என்னை விரட்டிக்கொண்டே இருக்கிறான். துறைமுகத்தில் என்னோடு சரக்குக்குக் கயிறு கட்டும் வேலை பார்த்தவன். இப்போது மலர்க் குழுவில் இருக்கிறான். போனில் பேசினால் முதல் பேச்சே அதுதான்.

"இன்னா மாமு, எய்தித் தாடான்னா வருஷா வருஷம் டபாய்ச்சினே கீற? ஃபாரின்ல கீற. பனி, மெஷினு, வெள்ளக்காரன்னு நாலு வார்த்த எய்தேன்."

"எனக்கு இன்னாடா தெரியும்? தெரிஞ்சதெல்லாம் வெறகு பத்திதான்."

"வெறகா? த பார்ரா! ஏரோப்ளேன் ஏறிப் போயி வெறகு ஒடச்சினுகீறியா? அத்தயே எய்து மாமு. கேஸ் சிலிண்டருக்கு இங்க லைன்ல நிக்கிறவனுங்க படிச்சிட்டு சிரிக்கட்டும்."

சிரித்தால் சிரிக்கட்டும். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

2

என்னைத் தெரியாத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். அம்மா காசிமேட்டில் கருவாடு போட்டு விற்றவர். என் மனைவி பிலோமினாவும் நம் பங்குதான். நர்ஸ் படித்த பெண்ணை ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். யாரும் கொடுக்கவில்லை. அவளாக வந்தாள். அதற்கு மேல் ஆண்டு மலரில் எழுத முடியாது.

காலடிப்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். அவளுக்கு அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அவள் முன்னால் போனாள். ஒரு வருஷம் கழித்து நானும் மகள் ஜெசிந்தாவும் வந்து சேர்ந்தோம். ஜெசி அப்போது நாலாம் வகுப்பு முடித்திருந்தாள்.

இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, அவள் வேலை செய்யலாம், நான் செய்யக் கூடாது. எனக்கு வேலை வேண்டுமென்றால் ஒரு முதலாளி எனக்காக அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாதவனுக்காக எந்த முதலாளி எழுதுவார்? வருஷத்துக்கு ஒரு முறை போலீஸ் நிலையத்தில் பதிவைப் புதுப்பிக்கப் போவோம். பிலோமினாவுக்கு டியூட்டி என்றால் ஜெசிதான் எனக்கு மொழிபெயர்ப்பு. ஒரு முறை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார் சிரித்த முகத்தோடு, "அப்பா பகலெல்லாம் என்ன செய்கிறார்?" என்று கேட்டார். ஜெசி என்னைக் கேட்காமலேயே "நத்திங்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குழந்தை பார்த்ததைச் சொன்னாள்.

சமைப்பேன், துவைப்பேன், வீட்டைப் பெருக்குவேன். பிறகு அடுப்பு வந்தது.

இரண்டாவது வருஷம் வாடகை கட்டுபடியாகாமல் ஊருக்கு வெளியே ஒரு பழைய கல் வீட்டுக்கு மாறினோம். அங்கே குளிர் காய்வதற்கென்று கூடத்தில் ஓர் இரும்பு அடுப்பு. இடுப்பு உயரம் இருக்கும். முன்னால் கண்ணாடிக் கதவு, மேலே கூரை வரை போகும் புகைக் குழாய். அது எரிந்தால் வீடு. எரியாவிட்டால் ஐஸ் ஃபேக்டரி. மீன் ஏலம் விடும் இடத்தில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

3

எங்கள் வீட்டுக்குப் பின்னால் புல்வெளி. அதற்கு அந்தப் பக்கம் டெனிஸ் என்று ஒரு மாட்டுப் பண்ணைக்காரர். என் வயதுதான் இருக்கும். அவர் என்னைவிடப் பேச்சு குறைந்த மனிதர். ஒருவரை ஒருவர் பார்த்தால் இருவரும் தலையை ஆட்டுவோம். அதிலேயே அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

ஒரு புயலில் எல்லையில் நின்ற பெரிய மரம் சாய்ந்துவிட்டது. டெனிஸ் மெஷினால் துண்டு போட்டு, "எடுத்துக்கொள்" என்று கையைக் காட்டினார். எனக்கு ஒரே குஷி. வாரக்கணக்கில் கோடாலியால் பிளந்தேன். துறைமுகத்தை விட்டு வந்த பிறகு உடம்பு அப்படி வியர்த்தது அப்போதுதான். பிளந்ததைச் சுவர் ஓரமாக இடைவெளி இல்லாமல் அடுக்கினேன். மேலே, முன்னே, இரண்டு பக்கமும் தார்ப்பாய் போட்டு மூடி, கப்பல் சரக்குக்குப் போடுகிற முடிச்சு போட்டு இறுக்கினேன். ஓர் எறும்பு நுழைய முடியாது.

பிலோமினா டியூட்டி முடிந்து வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாப்பா இது? மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எடுத்துக்கினு போற மாதிரி கட்டி வச்சிகீற?"

"காத்து பூந்துடக் கூடாதுல்ல."

"காத்து பூந்தா இன்னா?"

"நசநசன்னு பூடும்."

அவள் மேலே கேட்கவில்லை. கடற்கரையில் வளர்ந்தவளுக்கு அது தெரியும்.

கொஞ்ச நாள் கழித்து டெனிஸ் வேலியோரம் வந்து நின்றார். தார்ப்பாயைக் காட்டினார். ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை என்று தெரிந்ததும் கையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வீசிக் காட்டினார், உஸ் என்று ஊதியும் காட்டினார். காற்று. புரிந்துவிட்டது. காற்று பலமாக வரும், ஜாக்கிரதை என்கிறார். "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிவிட்டு, அவர் கண் முன்னாலேயே இன்னும் இரண்டு கயிறு எடுத்து வந்து இறுக்கிக் கட்டினேன். அவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். மனிதர் வாயடைத்துப் போய்விட்டார், அப்படி ஒரு கட்டு கட்டியிருக்கிறேன் என்று எனக்குப் பெருமை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் காய வைப்பது வெயில். கெடுப்பது காற்று. மணலில் வலை விரித்து அம்மா நெத்திலியும் வாளையும் காயப் போட்டிருப்பார். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பும். திரும்பிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் உப்புப் போட்ட கருவாடு தொட்டால் ஒட்டும். அம்மா எங்கே இருந்தாலும் குரல் வரும்.

"டேய், காத்து திரும்பிட்ச்சி! மூடுடா மூடு! இன்னும் இன்னாடா வாயப் பாத்துக்கினு நிக்கிற?"

நாங்கள் ஓடிப் போய்த் தார்ப்பாயை இழுத்து மூடி ஓரத்தில் கல் வைப்போம். வீட்டிலும் அப்படித்தான். காற்று அடித்தால் அப்பளம் தொய்யும், தீப்பெட்டி நமுக்கும், கொடியில் காய்ந்த சட்டை மறுபடி பிசுபிசுக்கும். எண்ணூர் வரைக்கும் போனாலும் இதே கதைதான். காற்று என்றால் ஈரம். இது எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தந்ததல்ல. தோலுக்கே தெரியும். அந்தத் தோலோடுதான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். விறகையும் கருவாட்டைப் போலவே மூடினேன்.

4

குளிர் வந்தது. தார்ப்பாயின் ஒரு முனையை மட்டும் அவிழ்த்து முதல் விறகை உருவி அடுப்பில் வைத்தேன்.

எரியவில்லை. கட்டையின் இரண்டு முனையிலும் தண்ணீர் நுரைத்து வந்தது. தாளிக்கிற மாதிரி உஸ்ஸென்று சத்தம். கண்ணாடி ஒரே நாளில் தாரைப் பூசியது போல் கறுத்தது. கட்டை வைக்கக் கதவைத் திறந்தால் புகை உருண்டு கூடத்துக்குள் வரும். மூன்று பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜெபமாலை சொன்னோம். ஜன்னல் வழியாக யாராவது பார்த்திருந்தால், இந்தியாக்காரர்கள் என்ன பக்தியாக அழுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

முதல் நாள்தானே, போகப் போகச் சரியாகும் என்றேன். சரியாகவில்லை. வெளியே பார்த்தால் கட்டை காய்ந்த மாதிரிதான் இருந்தது. மூடி வைத்தும் ஏன் இப்படி என்று எனக்கு விளங்கவில்லை. வாங்கி எரிக்க வேறு விறகும் இல்லை. இதைத்தான் எரித்தாக வேண்டும்.

ஜெசி அந்த வருஷம்தான் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். காலையில் வயிறு வலிக்கிறது என்பாள். பள்ளிப் பேருந்து போன பிறகு வலி நின்றுவிடும். மறு வாரம் மறுபடி வலி. நான் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். பள்ளிக்குப் போட்டுப் போகும் கோட்டை அவளே எடுத்துத் துவைத்தாள். அது காய்வதற்கு அடுப்புப் பக்கம்தான் போட்டாக வேண்டும். போட்டால் மறுபடி அதே புகை வாசனை. ஒரு நாள் அந்த ஈரக் கோட்டை அப்படியே சுருட்டி மூலையில் எறிந்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

பிலோமினாதான் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய்ச் சொன்னாள்.

"அவளுக்கு வயித்து வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. க்ளாஸ்ல பக்கத்துல யாரும் ஒக்கார மாட்டறாங்களாம். பொக நாத்தம் அடிக்கிதாம். பஸ்ல மூக்கப் புடிச்சிக்கிறாங்களாம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினா. நைனா கஷ்டப்படுமாம்."

எனக்கு அந்த வயிற்று வலி தெரியும். சின்ன வயதில் எனக்கும் வந்தது. விடியற்காலையில் கருவாட்டுக்கு உப்புத் தடவிவிட்டு அப்படியே பள்ளிக்குப் போவேன். என்ன சோப்பு போட்டாலும் விரலில் இருந்து அது போகாது. பக்கத்தில் இருந்தவன் தள்ளி உட்கார்ந்தான். டீச்சர் நல்லவர். திட்டவில்லை. "ஜன்னலோரம் காற்றாட உட்காருப்பா" என்றுதான் சொன்னார். அந்த வார்த்தைக்கு வகுப்பு முழுவதும் சிரித்தது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் போவதை நிறுத்தினேன். அம்மாவும் கைக்கு ஆள் கிடைத்ததே என்று விட்டுவிட்டார்.

ஜெசி கெட்டிக்காரி. ஊரில் இருந்தபோதே நன்றாகப் படித்தாள். அவளும் இந்தப் பாழாய்ப் போன நாற்றத்துக்காக ஒரு நாள் "இனிமே போவல" என்று சொல்லிவிட்டால்? அதுவும் நான் பிளந்து, நான் அடுக்கி, நான் மூடி வைத்த விறகால்? 

5

மறுநாள் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு புல்வெளியைத் தாண்டி டெனிஸ் வீட்டுக்குப் போனேன். உள்ளே போகக் கூச்சம். கேட்டுக்கு வெளியே கட்டையைக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு நின்றேன். நாய்தான் குரைத்து அவரைக் கூப்பிட்டது.

அவர் கட்டையை வாங்கி எடை பார்த்தார். கோடாலியால் நடுவே பிளந்தார். பிளந்த உள்பக்கத்தைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். விறகுக்கு முத்தம் கொடுக்கிறார் போல என்று நினைத்தேன். பிறகு இன்னொரு பாதியை என் கன்னத்தில் வைத்தார். சில்லென்றது. ஐஸில் வைத்த மீனைத் தொட்ட மாதிரி. தன் கொட்டகையில் இருந்து ஒரு கட்டையைக் கொண்டு வந்து அதையும் பிளந்து வைத்தார். அதில் சில்லிப்பே இல்லை. வெறும் கட்டை.

அவர் என்னோடு வந்தார். நான் போட்ட முடிச்சுகளை அவிழ்க்க முடியாமல் கத்தியால் அறுத்தார். தார்ப்பாயைத் தூக்கியதும் உள்ளிருந்து வந்த வாசனையில் இருவரும் ஓர் அடி பின்னால் வந்தோம். கட்டைகள்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. தார்ப்பாயின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். விறகுக்குள் இருந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்த ஊரில் வெயிலை நம்ப முடியாது. வந்தால் விருந்தாளி போல வந்துவிட்டுப் போகும். காற்றுதான் விறகைக் காய வைக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, மழையோடும் குளிரோடும் கலந்து வந்தாலும், உள்ளிருக்கும் ஈரத்தை எடுத்துப் போகிறது. மேலே மட்டும் மூடி, பக்கத்தையெல்லாம் அதற்குத் திறந்துவிட வேண்டும். அன்றைக்கு அவர் கை வீசிக் காட்டியது அதைத்தான். நானோ அவர் எதிரிலேயே இன்னும் இரண்டு கயிறு கட்டினேன்.

"எப்போது காயும்?" என்று கேட்டேன். அந்த ஆங்கிலம் எனக்கு வந்தது.

"அடுத்த குளிருக்கு" என்றார்.

அவருக்கு அது சாதாரண விஷயம். எனக்கு அப்படியல்ல. விறகு ஒரு வருஷம் பொறுக்கும். ஜெசி பொறுக்க மாட்டாள். நான் பள்ளியை விடுவதற்கு நாற்பது நாள் தவக்காலம் ஒன்றுகூட முழுதாக ஆகவில்லை.

என் முகத்தைப் பார்த்து டெனிஸ் என்ன நினைத்தாரோ, சாயங்காலம் டிராக்டரில் காய்ந்த விறகு ஒரு லோடு கொண்டு வந்து கொட்டினார். அது குளிர் முழுவதற்கும் வராது. ஜெசி வீட்டில் இருக்கிற நேரத்துக்கு மட்டும் அதை எரிப்பது, மற்ற நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு நான் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன். ஆனாலும் சோபாவும் திரைச்சீலையும் ஏற்கெனவே புகை குடித்திருந்தன. ஆகவே அவள் சீருடையையும் கோட்டையும் ஜிப் வைத்த பெரிய பையில் போட்டு, பின்னால் இருந்த ஷெட்டில் மாட்டினேன். புகை அங்கே போகாது. ஆனால் காலையில் எடுத்தால் துணி பனிக்கட்டி. அதனால் அவள் எழுவதற்கு முன் ரப்பர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் கோட்டுக்குள் வைத்துவிடுவேன். அவள் பல் துலக்கி வருவதற்குள் கோட்டு இளஞ்சூடாகியிருக்கும். அவள் அதை அப்படியே போட்டுக்கொண்டு போவாள்.

ஒரு நாள் அவசரத்தில் பாட்டிலை எடுக்க மறந்துவிட்டேன். பேருந்து போன பிறகுதான் ஞாபகம் வந்தது. ஏற்கெனவே மூக்கைப் பிடிக்கிறார்கள், இப்போது இது வேறா என்று பகலெல்லாம் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

சாயங்காலம் கதவைத் திறக்கும்போதே கத்தினாள். இங்கே வந்த பிறகு என்னை 'டாட்' என்றுதான் கூப்பிடுவாள். அன்று பழைய வார்த்தை வந்தது.

"நைனா! பாட்டில எடுக்காமயே அனுப்பிட்ட! கோட்டுக்குள்ள தொப்ப மாதிரி ஆடுது. பஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க. மானமே பூட்ச்சி!"

"மறந்துட்டேம்மா. ரொம்ப சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. அப்பால ஈஃபா கேட்டா."

"யாரு?"

"என் க்ளாஸ்தான். அவ என் பக்கத்துல வந்து ஒக்காந்து, குளிருது குடேன்னா. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மடில வச்சிக்கினோம். டீச்சர் வந்து இன்னா அதுன்னு கேட்டாங்க."

"ஐயோ. திட்டினாங்களா?"

"இல்ல. அவங்களும் கொஞ்ச நேரம் வாங்கி வச்சிக்கினாங்க."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெகு நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு. மாடிப்படியில் பாதி ஏறியவள் திரும்பி, "நாளைக்கும் வச்சிடு. சூடா வை" என்றாள்.

வயிற்று வலி அதோடு நின்றது. அந்தப் பெண்ணின் பெயரை எழுதுவது ஒரு விதம், கூப்பிடுவது ஒரு விதம். எனக்கு இரண்டும் வராது, ஜெசி சொல்கிறபடி எழுதியிருக்கிறேன். ஜெசி அவள் வீட்டுக்குப் போவாள், பிறந்த நாளுக்குப் போவாள், சனிக்கிழமை தங்கிவிட்டும் வருவாள். ஒரு நாள் பிலோமினா கேட்டாள்.

"நீயும் அவள நம்ம வூட்டுக்குக் கூட்டிக்கினு வாயேன்டி. நான் கேக் செஞ்சி தரேன்."

ஜெசி தலையைத் தூக்காமல் சொன்னாள். "இந்த வூட்டுக்கா?"

நான் அங்கேதான் இருந்தேன். அடுப்புக் கண்ணாடியைத் துடைக்கக் குனிந்தேன்.

6

வசந்தம் வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். சுவர் ஓரத்தை விட்டு, புல்வெளியில் காற்று நேராக வரும் இடத்துக்கு விறகையெல்லாம் சுமந்தேன். அடியில் பழைய மரப் பலகைகள். அதன்மேல் கட்டைக்குக் கட்டை இடைவெளி விட்டு அடுக்கினேன். பெரியதையெல்லாம் இன்னும் சின்னதாகப் பிளந்தேன். மேலே மட்டும் ஒரு தகரம். பக்கமெல்லாம் திறந்த வெளி.

செய்து முடித்தேனே தவிர மனசு ஒப்பவில்லை. சாயங்காலம் காற்று எழும்பினால் என் கால் தானாக வெளியே போகும். தார்ப்பாயைக் கையில் எடுத்த பிறகுதான் நினைவு வரும். ஒரு நாள் பிலோமினா ஜன்னலில் இருந்து பிடித்துவிட்டாள்.

"ஏம்ப்பா, எங்க கெளம்பிட்ட?"

"சும்மா, பாக்கலாம்னு."

"பாக்கறதுக்கு தார்ப்பாய் இன்னாத்துக்கு? உள்ள வா. மறுபடியும் போத்தினா உன்ன அதுல சுத்திக் கட்டிடுவேன்."

மழையில் பக்கமெல்லாம் நனையும்.  டெனிஸ் தூரத்தில் டிராக்டரில் போகும்போது, நான் விறகுப் பக்கம் நிற்பதைப் பார்த்தால் கையைத் தூக்கி 'விடு' என்று காட்டிவிட்டுப் போவார். மறுநாள் காற்று அடித்தால் நனைந்தது எல்லாம் காய்ந்திருக்கும். கண்ணால் பார்த்தும் எனக்கு நம்பிக்கை வர நாள் பிடித்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன்.

இலை உதிரும் காலத்தில் ஒரு கட்டையைப் பிளந்து கன்னத்தில் வைத்தேன். இன்னும் சில்லென்றிருந்தது. அப்படியே திருப்பி வைத்தேன். வெளிப்புறம் எவ்வளவு காய்ந்திருந்தாலும் கணக்கில் சேராது. பிளந்துதான் பார்க்க வேண்டும். குளிர் தொடங்கும்போது மறுபடி பிளந்தேன். முனையில் வெடிப்பு விட்டிருந்தது, பட்டை தானாக உரிந்து வந்தது. இரண்டு கட்டையைத் தட்டினால் மொத்தென்று கேட்ட சத்தம் போய், டணார் என்றது. கன்னத்தில் வைத்தேன். சூடும் இல்லை, குளிரும் இல்லை. பிலோமினாவைக் கூப்பிட்டு அவள் கன்னத்திலும் வைத்தேன்.

"நல்லா கீதுப்பா," என்றாள். "ஆனா பொண்டாட்டி கன்னத்துல வெறகு வச்ச மொதோ ஆம்பள நீதான்."

அன்று அடுப்பு எரிந்ததைச் சொல்லத் தெரியவில்லை. புகை இல்லை, சத்தம் இல்லை. கண்ணாடி நாள் முழுதும் கண்ணாடியாகவே இருந்தது. திரைச்சீலையெல்லாம் துவைத்தேன். சோபா உறைகளை உரித்துக் காற்றில் போட்டேன். ஆமாம், காற்றில்தான். சகாயத்துக்குப் போனில் சொன்னேன்.

"அடப்பாவி, வெறகு காஞ்சதுக்கா ஐ.எஸ்.டி. போட்டு சொல்ற? பேஜாருடா உன்னோட."

அவனுக்குத் தெரியாது. 

ஆனால் ஜெசி கோட்டை இன்னும் ஷெட்டில் இருந்த பையில்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் நாற்றம் இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? அதைச் சொன்னால், போன வருஷம் நாற்றம் இருந்தது எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். அவள் அம்மாவிடம் வாங்கிய சத்தியம் வீணாகும். கிறிஸ்துமஸ் போயிற்று. புது வருஷமும் போயிற்று. நான் விறகு வைத்துக்கொண்டிருந்தேன்.

7

இன்று மதியம் பிலோமினா டியூட்டிக்குப் போயிருந்தாள். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு கார் வந்து நின்று திரும்பிப் போகிற சத்தம். கதவு திறந்தது. ஜெசி உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் செம்பட்டை முடியோடு, நெட்டையாக ஒரு பெண்.

"டாட், திஸ் இஸ் ஈஃபா."

நான் கையைத் துடைத்துக்கொண்டு "ஹலோ" என்றேன்.  அந்தப் பெண் நேராக அடுப்பைப் பார்த்துப் போய், இரண்டு கையையும் நீட்டிக் காட்டி, "லவ்லி" என்றாள்.

ஜெசி அவளிடமிருந்து கோட்டை வாங்கினாள். தன் கோட்டையும் கழற்றினாள். பின்கதவுப் பக்கம் போவாள், ஷெட்டுக்குத்தான் என்று நினைத்தேன். போகவில்லை. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த ஆணியில் இரண்டு கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டினாள்.

நான் சும்மா நின்றிருக்கலாம். ஆனால் கட்டை குறைந்திருந்தது. அடுப்புக் கதவைத் திறந்து ஒன்று வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தேவையில்லாமல் இன்னொன்றும் வைத்தேன். டீ வேண்டுமா என்று கேட்டேன். பிஸ்கட் கொண்டு வந்து வைத்தேன். மறுபடியும் கட்டையை எடுக்கக் குனிந்தபோது ஜெசி தமிழில் பேசினாள். அந்தப் பெண்ணுக்குப் புரியக் கூடாதென்று தமிழ். முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"நைனா, நாங்க பேசிக்கினுகீறோம்ல. கொஞ்சம் அப்பால போயேன்."

போனேன். எனக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

சமையலறையில் குளிர் காய அடுப்பு கிடையாது. சூடெல்லாம் கூடத்தோடு சரி. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மேஜை முன் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை, அவ்வளவு வேகமான ஆங்கிலம். என்னைப் பற்றியாகக்கூட இருக்கலாம். கதவுக்கு அடியில் கொஞ்சம் வெதுவெதுப்பு வருகிறது. காலை அந்தப் பக்கம் நீட்டி வைத்திருக்கிறேன். உருளைக்கிழங்கு அப்படியே கிடக்கிறது. அந்தப் பெண்ணைச் சாப்பிட்டுப் போகச் சொல்ல வேண்டும். கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்.

2007 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை.